நாலு விரல் விட்டு

ஒன்றாம் வகுப்புக்கு அளவைப் பாடம் நடக்கும் வாரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருக்காது. தலைமையாசிரியையின் பேனா காணாமல் போகும். சத்துணவுக் கூடத்துக் கரண்டி என் வகுப்பில் கிடைக்கும். வாசலில் விட்ட செருப்புகள் ஜோடி பிரிந்து பெஞ்சுக்கு அடியில் வரிசையாகக் கிடக்கும். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்து, "சார், இது கிளாஸா, வாரச்சந்தையா?" என்பார். சந்தையில்தானே டீச்சர் அளக்கிறார்கள் என்று நானும் பதில் சொல்லிவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் எங்கள் பள்ளி. ஒரு பக்கம் மல்லிகைத் தோட்டம், இன்னொரு பக்கம் புளியமரங்கள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சேர்ந்து என் பொறுப்பு. ஸ்கேலைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், கிடைத்த பொருளை வைத்துப் பிள்ளைகளை அளக்கவிட வேண்டும் என்பது பாடத்தின் முறை. பெஞ்சு எத்தனை சாண், கதவு எத்தனை செருப்பு, கரும்பலகை எத்தனை புளியங்காய். புளியங்காய் நல்ல அளவுகோல் இல்லை. அளந்து முடிப்பதற்குள் பாதியைத் தின்றுவிடுவார்கள்.

ஒரே பெஞ்சுக்கு ஒருவன் ஒரு கணக்குச் சொல்வான், அடுத்தவன் வேறு கணக்குச் சொல்வான். ஒருவன் விரலை முழுதாக விரிக்காமல் தத்தித் தத்திப் போவான். "ஏலே, கைய நல்லா விரிடா, பெஞ்சு ஒண்ணும் கடிக்காது" என்று நான் கத்துவேன். கடைசியில் என் சாணை வைத்து அளந்து எல்லோருடைய விடையையும் பொய்யாக்குவேன். உடனே ஒரே கூச்சல். சார் ஏமாத்துறாரு, சார் கை பெருசு. அப்போதுதான் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதுவேன்: யார் சாண்? அந்தப் பாடம் மொத்தமும் இந்த இரண்டு சொல்தான். அந்தச் சண்டையை ரசிப்பதற்காகவே ஸ்கேலை ஒரு நாள் தள்ளிக் கொடுப்பது என் வழக்கம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய அம்மா பூக்கட்டி பஸ் ஸ்டாண்டில் விற்கிறவர். அவள் மட்டும் சாணே போடமாட்டாள். எதைக் கொடுத்தாலும் முழங்கையை ஊன்றி முழம் போடுவாள். "எங்கம்மா கை நீளம் சார். அதான் எல்லாரும் தேடி வந்து எங்கம்மாகிட்டயே வாங்குவாக" என்று பெருமையாகச் சொன்னாள். யார் சாண் என்ற கேள்விக்கு அவள் வீட்டில் பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. பூ வாங்குகிற பெண்கள் பூவைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்ப்பார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில் என் மனைவியும் மகளும் அயர்லாந்துக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மனைவி நர்ஸ். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இப்படி ஒருத்தர் வெளிநாட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றால் பேச்சு முழுக்க விசா, டூட்டி, குளிர் என்றுதான் இருக்கும். குழந்தையைக் கூட்டிப்போக அனுமதி கிடைத்ததும் அவள் கூட்டிப்போனாள். நான் போக முடியவில்லை. என் அப்பா பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். அவரைத் தூக்கி உட்காரவைக்க, குளிப்பாட்ட, என்னை விட்டால் ஆள் இல்லை. இதில் யார் மேலும் தப்பு கிடையாது. கோபப்படுவதற்குக்கூட ஒரு ஆள் அகப்படவில்லை என்பது என்னைப் போன்ற கோபக்காரனுக்குப் பெரிய கஷ்டம்.

போகும்போது மகளுக்கு நாலு வயது. அவள் நெற்றி என் பெல்ட் பக்கிளுக்கு நேராக வரும். ஓடிவந்து கட்டிக்கொள்ளும்போது பக்கிள் இடித்துவிடும். "அப்பா, இதக் கழட்டிட்டு வாங்க" என்று அழுவாள். சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவேன். அவள் போன பிறகும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. கழற்றி மாட்டிவிட்டுச் சும்மா நிற்பேன்.

ஞாயிறு சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவார்கள். எங்களுக்கு வெளிச்சம் இறங்கும் நேரம், அவர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். முகம் நன்றாகத் தெரியும். விழுந்த பல் தெரியும், சட்டையில் சிந்திய குழம்பு தெரியும். ஆனால் பிள்ளை எவ்வளவு பெரிசு என்று தெரியாது. போனைக் கிட்டே பிடித்தால் பெரிய மனுஷி, தள்ளி வைத்தால் கைக்குழந்தை. ஒரு தடவை மனைவியிடம் வாய்விட்டே கேட்டேன். "நூத்திப் பதினாறு சென்டிமீட்டர், போன வாரம்தான் அளந்தாங்க" என்றாள். மறுநாள் வகுப்புச் சுவரில் ஸ்கேல் வைத்து நூற்றுப்பதினாறைக் குறித்துவிட்டு அதன் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் கோட்டின் மேல் கையை வைத்தால் சுண்ணாம்புதான் ஒட்டியது. தலைமுடி இல்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மகள் சொன்னாள், "அப்பா, எங்க கிளாஸ்லயும் அளக்குறோம்." எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை கடல் தாண்டி அவளும் நான் நடத்துகிற பாடத்தையே படிக்கிறாள். அங்கே புளியங்காய் கிடையாது. ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் க்யூப் கொடுத்திருந்தார்கள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம். வீட்டில் இருப்பவர்களை அளந்து வரச் சொல்லியிருந்தார்களாம். அம்மாவைத் தரையில் படுக்கவைத்து, போதாத க்யூபைத் திரும்பத் திரும்ப எடுத்து வைத்து, எண்பதைத் தாண்டி எங்கேயோ கணக்கை விட்டாளாம். பிறகு, "இப்ப அப்பா" என்றாள்.

என்னிடம் ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். "தள்ளி நில்லுங்கப்பா, கால் தெரியணும்" என்றாள். போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்துவைத்துவிட்டு, கால் தெரியும்வரை பின்னால் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றேன். திரையில் அவள் முகம் மறைந்து சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ நிறைந்தது. அவள் போனின் கண்ணாடியில் பிளாஸ்டிக் க்யூப் தட்டும் சத்தம் கேட்டது. "ஆடாம நில்லுங்கப்பா" என்று அதட்டல் வேறு. அப்புறம் சந்தோஷமாகக் கத்தினாள். "அப்பா அஞ்சு க்யூப்!"

மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள், விடையை வரைந்தும் காட்டிவிட்டாள். அம்மா பெரிதாக, அவள் நடுத்தரமாக, பக்கத்தில் அவளுடைய ஷூ உயரத்துக்கு மீசை வைத்த ஒரு ஆள். அந்த ஆளுக்குச் சட்டைப் பட்டன்கூட விடாமல் அக்கறையாக வரைந்திருந்தாள்.

வாத்தியாராக மார்க் போடச் சொன்னால் முழு மார்க் போட வேண்டும். இருப்பதை அளக்கச் சொன்னார்கள், இருந்ததை அளந்தாள். அப்பாவாகப் பார்த்தால்தான் இடித்தது. கோயில் திருவிழாவில் சப்பரம் பார்க்க என் தோளில் ஏறி உட்கார்ந்து, எல்லோரையும் விடத் தான்தான் உயரம் என்று கத்திய பிள்ளை அது. தோளில் இருந்தபடி வாசல்நிலையின் மேல்கட்டையைத் தொட்டுத் தொட்டுப் போவாள். அவளுக்கு நான் எவ்வளவு பெரியவன் என்பது மறந்துபோய்க்கொண்டிருக்கிறது. முகம் மறக்கவில்லை, குரல் மறக்கவில்லை, அளவு மறந்துவிட்டது.

மறுநாள் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளிடமே கேட்டேன். "என் மகளுக்கு நான் எம்புட்டு உசரம்னு தெரியல. தூரத்துல இருக்கு. எப்படித் தெரிய வைக்கிறது?"

"போட்டோ அனுப்புங்க சார்" என்றான் ஒருவன்.

"போட்டோவுலயும் சின்னதாத்தானடா இருப்பாரு" என்று இன்னொருவன் அவனை அடக்கினான்.

"சாரையே பஸ் ஏத்தி அனுப்பிருவோம்" என்றாள் ஒரு வாலு. வகுப்பே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பூக்கட்டும் வீட்டுப் பெண் எழுந்து, "நூல்ல அளந்து, அந்த நூல அனுப்புங்க சார்" என்றாள். சொன்னதோடு நிற்காமல், மறுநாள் காலையில் வீட்டிலிருந்து பூக்கட்டும் நூல்கண்டு ஒன்றையும் கொண்டுவந்தாள்.

என்னைத் தரையில் படுக்கச் சொன்னார்கள். படுத்தேன். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்க்கிறவர்களுக்குக்கூட ஒன்றாம் வகுப்பைத் தரையில் படுத்துப் பார்க்கும் பாக்கியம் கிடைத்திருக்காது. எல்லாம் முழங்கால்கள், காய்ந்த மூக்கு, பொத்தான் இல்லாத சட்டைகள். இரண்டு பேர் என் குதிகாலில் நூலை அழுத்திப் பிடித்தார்கள். ஒருவன் நேராக என் வயிற்றின் மேலே நூலைக் கொண்டுவந்தான். "சார், இங்கிட்டு மேடா இருக்கு, நூலு ஏறி எறங்குது" என்றான். பக்கவாட்டில் கொண்டு போங்கடா என்று கத்தினேன். "மூச்சு விடாதீக சார், நீளுது" என்று திருப்பி அதட்டினார்கள்.

நூல் என் உச்சந்தலைக்கு வந்தது. அந்தப் பெண் தலைக்கு அப்பால் தன் நாலு விரலைச் சேர்த்து வைத்து, அதற்கும் அப்பால் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஏன் தாயி, தலை இங்கதான இருக்கு?"

"பூ அளந்து குடுக்கையில கொஞ்சம் விட்டுத்தான் சார் அறுக்கணும். ஒட்ட அறுத்தா வாங்குறவுக மனசு நெறையாதுன்னு எங்கம்மா சொல்லும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று ஒரு வாரமாகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். "இது பூவா? இது நானு" என்றேன்.

"இருந்தா என்ன சார், ஒருத்தவுகளுக்குக் குடுக்கத்தான போறீக?" என்று கேட்டுவிட்டு அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்தேன். அந்த நாலு விரலை வெட்டினால்தான் சரியான அளவு. அப்பா கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்ட வெட்டி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கத்தரிக்கோலைத் திரும்ப வைத்துவிட்டு நூலைச் சுருட்டினேன். விடுமுறைக்கு வந்திருந்த நர்ஸ் ஒருத்தர் திரும்பிப் போகும்போது, பருப்புப் பொடியோடும் ஊறுகாயோடும் சேர்த்து என்னையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். நூலைத் தரையில் நீட்டியிருந்தாள். "அப்பா, நீங்க கதவுல இருந்து ஃப்ரிட்ஜ் வரைக்கும் இருக்கீங்க! என் ரூம் உங்களுக்குப் பத்தவே இல்ல, மடக்கித்தான் வச்சேன்!" என்றாள். மனைவி, "நடக்க வழி இல்லாமப் பண்ணிட்டீங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த வீட்டை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் அங்கே யாரோ என்னைத் தாண்டிப் போகிறார்கள், தாண்டும்போது காலைத் தூக்கி வைக்கிறார்கள் என்று நினைக்க அவ்வளவு ஆசையாக இருந்தது.

அதன் பிறகு நூலைப் பற்றிப் பேச்சு குறைந்துவிட்டது. குழந்தைகள் அப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன். கட்டிலுக்கு அடியில் டப்பாவில் வைத்திருக்கிறாள், யாரையும் தொடவிடுவதில்லை என்று ஒரு தடவை மனைவி சொன்னாள். என் வகுப்பில் பிள்ளைகள் ஸ்கேலுக்கு மாறி, கூட்டலுக்குப் போய், வருஷம் முடிந்தது. அடுத்த செட் பிள்ளைகள் வந்து செருப்புகளை ஜோடி பிரித்தார்கள். யாராவது ஒரு பெண்பிள்ளை நோட்டைக் காட்ட என் மேஜைக்கு வந்து நின்றால், தலை என் சட்டையில் எந்தப் பட்டனுக்கு வருகிறது என்று பார்த்துக்கொள்வேன். வயது கேட்பேன். பட்டனைக் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். வேலை கெட்ட வாத்தியார் என்று யாரும் சொல்லாதவரை சரி.

இந்த மே மாதம் வந்தார்கள். திருச்சி விமான நிலையத்தில், வெளியே வரும் கூட்டத்தில் நான் என் பட்டன் கணக்குப்படி ஒரு பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தேன். அதனால் அவளை முதலில் விட்டுவிட்டேன். கணக்கை விட உயரமாக, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். பெல்ட்டை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். அவள் ஓடிவரவில்லை. அம்மாவின் பின்னால் பாதி ஒளிந்து, என்னைக் காலிலிருந்து தலைவரை மெதுவாகப் பார்த்தாள். காரில் திண்டுக்கல் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு வாய் நீளம் என்று சொன்னேன் இல்லையா, அன்றைக்கு அது எதற்கும் உதவவில்லை.

மறுநாள் காலை நான் அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கையில் அந்த நூல். "சுவத்துல ஒட்டி நில்லுங்கப்பா" என்றாள். நின்றேன். நாற்காலி போட்டு ஏறி, உச்சந்தலையில் ஒரு நுனியை வைத்து அழுத்தினாள். கீழே மனைவி குனிந்து மறு நுனியைக் குதிகாலுக்கு இழுத்தாள். நாலு விரல் தரையில் மிஞ்சும், அந்தப் பூக்கட்டும் பிள்ளையின் கதையைச் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

"சரியா இருக்கு" என்றாள் மனைவி. நூல் மிஞ்சவில்லை.

அப்போதுதான் பார்த்தேன், நூல் முழுக்க வழுவழுப்பாக இல்லை. நடுவில் ஓரிடத்தில் கையில் ஏதோ நெருடியது. முடிச்சுகள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக, குழந்தை போட்ட குண்டு முடிச்சுகள். "அதெல்லாம் நான்" என்றாள். தரையில் ஒரு நுனியை மிதித்துக்கொண்டு, தன் தலை வரும் இடத்தில் ஒரு முடிச்சு. இது நூல் வந்த அன்றைக்கு. இது பல் விழுந்தபோது. இது பிறந்தநாளுக்கு. இது பனி பெய்தபோது, பள்ளிக்கூடம் லீவு. நாற்காலியில் நின்றுகொண்டே ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். ஒவ்வொரு முடிச்சும் கொஞ்சம் நூலைத் தின்றிருக்கிறது. அந்தப் பூக்கட்டும் பிள்ளை எனக்காக விட்ட நாலு விரலும் அங்கேதான் போயிருக்கிறது.

முதல் முடிச்சில் என் சுண்டுவிரலை வைத்தேன். கடைசி முடிச்சு ஆள்காட்டி விரலுக்கு வந்தது. நான் பார்க்காமல் போன மகள் முழுவதும் என் நாலு விரலுக்குள் அடங்கிவிட்டாள். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவில் இருந்த நூலைத் தடவிக்கொண்டே நின்றேன். அழக் கூடாது என்றுதான் நினைத்தேன். அவள் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி, என்னைக் கட்டிக்கொண்டாள். தலை என் நெஞ்சுக்குழிக்கு வந்தது. பக்கிள் இடிக்கவில்லை.

ஒரு மாதம் என்பது கண்ணை மூடித் திறப்பதற்குள் போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவ்வளவுகூட ஆகவில்லை. தோளில் ஏற்றிச் சப்பரம் பார்க்க முடியாது, கனத்துவிட்டாள். ஆனாலும் ஒரு நாள் ஏற்றினேன். இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தேன். அவர் வாய் கோணச் சிரித்தார்.

கிளம்புவதற்கு முன்தினம் பழைய நூலை என்னிடமே கொடுத்தாள். "இது உங்களுக்கு. எனக்குப் புதுசு வேணும்" என்றாள். கடைத்தெருவுக்குப் போய் அதே பூக்கட்டும் நூலில் ஒரு கண்டு வாங்கிவந்தேன். இந்தத் தடவை படுக்கவில்லை, சுவரோடு நின்றேன். அவளே நாற்காலியில் ஏறினாள், அவளே பிடித்தாள். கத்தரிக்கோல் மட்டும் என் கையில். தலைக்கு நேராக வெட்டப் போனேன்.

"முடிச்சுக்கு விடணும்பா" என்றாள். "நெறைய விட்டு வெட்டுங்க."

என் கை நின்றுவிட்டது. எட்டு வயது ஆகப்போகிற பிள்ளை, அடுத்த தடவை பார்க்க எவ்வளவு நாள், அதற்குள் எத்தனை முடிச்சு என்று தனக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். மனைவி பெட்டிக்குள் துணி அடுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாலு விரல் விடுறேன்" என்றேன்.

"யார் விரல்?" என்று கேட்டாள் என் மகள். என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் இவ்வளவு சரியான நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அவள் கையை எடுத்து, விரல்களைச் சேர்த்து நூலின் மேல் வைத்தேன். "உன் விரல்."

"அய்யோ, இது கொஞ்சம்பா. பத்தாது."

"பத்தும்" என்று சொல்லி வெட்டினேன். பத்த வேண்டும்.